நாமக்கல்லில் இருந்து ஐம்பது டன் நிலா

நாமக்கல் என்றால் என்ன ஞாபகம் வரும்? முட்டை, லாரி, ஆஞ்சநேயர். பக்கத்தில் திருச்செங்கோடு என்றால் மலைமேல் அர்த்தநாரீஸ்வரர், கீழே இந்தியா முழுக்கப் போய் போர்வெல் போடும் ரிக் வண்டிகள். பரமத்தி வேலூர் என்றால் வெற்றிலை. இந்தப் பட்டியலில் நிலாவையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றால் சிரிப்பு வரும். ஆனால் விஷயம் உண்மை. சந்திரயான் விண்கலம் நிலாவில் இறங்குவதற்கு முன்னால் ஒத்திகை பார்த்த தரை, கொங்கு நாட்டுப் பாறையை அரைத்துச் செய்த தரை. சித்தம்பூண்டி, குன்னமலை என்ற இரண்டு கிராமங்களின் பாறை அது. அதைத் தேர்ந்தெடுத்து ஆராய்ந்து கொடுத்ததில் பெரிய பங்கு சேலத்தில் இருக்கும் பெரியார் பல்கலைக்கழகத்துடையது.

பல்கலைக்கழகமும் விண்வெளியும் என்று பேச்சு வந்தால் எல்லோரும் செயற்கைக்கோளைத்தான் சொல்வார்கள். சொல்ல வேண்டியதுதான். அண்ணா பல்கலைக்கழகம் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உருவாக்கிய 40 கிலோ எடையுள்ள அனுசாட், 2009 ஏப்ரல் 20 அன்று பி.எஸ்.எல்.வி. சி-12இல் ஏறிப் போனது. இந்தியப் பல்கலைக்கழகம் ஒன்று செய்த முதல் செயற்கைக்கோள் அது. ராக்கெட் கிளம்புகிறது, டி.வி.யில் காட்டுகிறார்கள், கை தட்டுகிறோம். ஆனால் கல்லையும் மண்ணையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ஒரு நிலவியல் துறைக்கு விண்கலத்தோடு என்ன வேலை? அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு அடிப்படை விஷயம். காற்று உள்ள கிரகத்தில் இறங்குவது ஒரு கலை, காற்றே இல்லாத இடத்தில் இறங்குவது வேறு கலை. செவ்வாயில் மெல்லிய காற்று மண்டலம் உண்டு. வெப்பக் கவசத்தால் காற்றில் உரசி வேகத்தைக் குறைத்து, பிறகு பாராசூட்டை விரிக்கலாம். 1976இல் வைக்கிங் கலங்கள் அப்படித்தான் இறங்கின. பூமிக்குத் திரும்பும் கலத்துக்கும் அதே வழிதான். நம் இஸ்ரோவின் 550 கிலோ எடையுள்ள எஸ்.ஆர்.இ.-1 கலம் 2007 ஜனவரி 22 அன்று வங்காள விரிகுடாவில் பத்திரமாக விழுந்தது இப்படித்தான். நிலாவில் இந்த வித்தை எதுவும் பலிக்காது. காற்று இல்லை, பாராசூட் வெறும் துணி. 30 கிலோமீட்டர் உயரத்தில் நொடிக்கு 1.68 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கலத்தை, எஞ்சினை எதிர்த்திசையில் எரித்து எரித்தே நிறுத்த வேண்டும். கடைசியில் நான்கு கால்களும் தரையைத் தொடும். அந்தத் தரை எப்படிப்பட்டது? கால் எவ்வளவு புதையும்? அதற்குப் பிறகு ரோவரின் சக்கரம் ஓடுமா, அல்லது தேர்க்கால் மாதிரி சிக்கிக்கொள்ளுமா? கேள்வி எல்லாம் கடைசியில் மண்ணில் வந்து நிற்கிறது.

இனி சித்தம்பூண்டிக்குப் போவோம்.

அங்கே இருக்கும் பாறையின் பெயர் அனார்த்தோசைட். வெளிர் நிறம். பெரும்பகுதி கால்சியம் நிறைந்த ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். வயது ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகள். கூடவே குரோமைட் அடுக்குகளும், குருந்தக் கல்லும் அங்கே உண்டு. (ஆங்கிலத்தில் 'கொரண்டம்' என்று சொல்வதே தமிழின் 'குருந்தம்' என்ற சொல்லில் இருந்து போனதுதான் என்று அகராதிகள் சொல்கின்றன. கல்லை மட்டும் அல்ல, பெயரையும் நாம்தான் ஏற்றுமதி செய்திருக்கிறோம்!)

1956இல் ஏ. பி. சுப்பிரமணியம் என்ற நிலவியலாளர் இந்தச் சித்தம்பூண்டிப் பாறைத் தொகுதியைப் பற்றி அமெரிக்க நிலவியல் கழகத்தின் இதழில் விரிவான ஆய்வுக் கட்டுரை எழுதினார். தலைப்பிலேயே 'சேலம் மாவட்டம், மெட்ராஸ் ஸ்டேட்' என்று இருக்கும். நாமக்கல் தனி மாவட்டம் ஆனது 1997இல்தானே. அந்தக் கட்டுரை வந்தபோது ஸ்புட்னிக்கூட மேலே போகவில்லை. நிலா என்ன கல்லால் ஆனது என்று உலகத்தில் யாருக்கும் உறுதியாகத் தெரியாது. சித்தம்பூண்டிக்கும் நிலாவுக்கும் முடிச்சுப் போட அப்போது ஒரு காரணமும் இல்லை.

காரணம் வந்தது 1969 ஜூலையில். அப்போலோ 11 இறங்கிய இடம், நிலாவில் கறுப்பாகத் தெரியும் சமவெளிகளில் ஒன்று. அங்கே இருந்தது பெரும்பாலும் பசால்ட் என்ற எரிமலைப் பாறை. ஆனால் கொண்டுவந்த மண்ணுக்குள் சின்னச் சின்ன வெள்ளைத் துணுக்குகள் கிடந்தன. பார்த்தால் அனார்த்தோசைட்! ஜான் வுட் முதலான விஞ்ஞானிகள் அந்தத் துணுக்குகளை வைத்துக்கொண்டு ஒரு துணிச்சலான முடிவுக்கு வந்தார்கள். நிலா பிறந்த புதிதில் அதன் மேற்பரப்பு முழுக்க உருகிய பாறைக் கடலாக இருந்தது. கனமான கனிமங்கள் அடியில் போக, எடை குறைந்த ஃபெல்ட்ஸ்பார் பாலில் ஏடு மிதப்பது போல மேலே மிதந்து உறைந்தது. நிலாவில் வெள்ளையாகத் தெரியும் மேட்டுப் பகுதிகள் எல்லாம் அந்த ஏடுதான். 1971இல் அப்போலோ 15 கொண்டுவந்த அனார்த்தோசைட் கல்லும், 1972இல் அப்போலோ 16 மேட்டு நிலத்திலேயே இறங்கி அள்ளிவந்த கற்களும் இந்தக் கருத்துக்கு வலு சேர்த்தன.

பூமியிலும் அனார்த்தோசைட் பல இடங்களில் உண்டு. ஆனால் பெரும்பாலானவற்றில் கால்சியம் குறைவு. நிலாவைப் போலக் கால்சியம் நிறைந்த மிகப் பழைய அனார்த்தோசைட் அபூர்வம். கிரீன்லாந்தில் ஃபிஸ்கெனேசெட் என்ற இடத்தில் இருக்கிறது. நம் சித்தம்பூண்டியில் இருக்கிறது. பிரிட்டன் நிலவியலாளர் பிரையன் விண்ட்லி 1970லேயே நேச்சர் இதழில் பூமியின் பழைய அனார்த்தோசைட்டையும் நிலாவின் அனார்த்தோசைட்டையும் சேர்த்துப் பேசியிருந்தார். பிறகு தமிழ்நாட்டு அனார்த்தோசைட்டுகளைப் பற்றியும் எழுதினார். ஆக, விஷயம் தெரிந்தவர்களுக்கு எழுபதுகளிலேயே தெரியும். நமக்குத் தெரிய 2019 வரை ஆனது.

நடுவில் கதை கோயம்புத்தூர் பக்கம் திரும்புகிறது. பொள்ளாச்சிப் பக்கம் கோதவாடி கிராமத்தில் 1958இல் பிறந்த மயில்சாமி அண்ணாதுரை, கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரியில் பி.இ., பிறகு பீளமேடு பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் எம்.இ. முடித்துவிட்டு 1982இல் இஸ்ரோவில் சேர்ந்தார். மில்லும் மோட்டாரும் பம்ப்செட்டும் செய்யும் ஊரில் படித்தவர் சந்திரயான்-1 திட்ட இயக்குநர் ஆனார். 2008 அக்டோபர் 22 அன்று அது கிளம்பியது. அதே ஆண்டு நவம்பர் 14 அன்று அதிலிருந்து பிரிந்த 34 கிலோ எடையுள்ள மோதுகலம் நிலாவின் தென்துருவப் பக்கம் போய் விழுந்தது. அது இறங்கவில்லை, மோதியது; திட்டமே அதுதான். மெதுவாக இறங்குவது அடுத்த பாடம்.

சந்திரயான்-1 நிலாவைச் சுற்றிக்கொண்டே, தரையில் பட்டுத் திரும்பும் ஒளியை வைத்து அங்கே என்ன கனிமம் என்று பார்த்தது. ஒவ்வொரு பாறையும் ஒளியைத் திருப்பி அனுப்புவதில் தனக்கென்று ஒரு கைரேகை வைத்திருக்கிறது. அந்தக் கைரேகையைப் படிக்க, அதே வகைப் பாறையைப் பூமியில் வைத்து அளந்திருக்க வேண்டும். பெரியார் பல்கலைக்கழகத்தின் நிலவியல் பேராசிரியர் எஸ். அன்பழகனும் எஸ். அறிவழகனும் இதைத்தான் செய்தார்கள். அனார்த்தோசைட் திருப்பி அனுப்பும் ஒளியை அளந்து, நிலாவின் மேட்டு நிலங்களை வரைபடமாக்க அது எப்படி உதவும் என்று சர்வதேச இதழில் கட்டுரை வெளியிட்டார்கள். 1997இல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயது. ராக்கெட் இல்லை, பெரிய நிதி இல்லை. பக்கத்து ஊர்க் கல், கையில் ஒரு கருவி.

இதற்கிடையில் டெல்லியிலும் மாஸ்கோவிலும் வேறு ஒன்று நடந்துகொண்டிருந்தது. சந்திரயான்-2க்கு இறங்குகலத்தை ரஷ்யா தருவதாக 2007இல் ஒப்பந்தம். 2011 நவம்பரில் ரஷ்யாவின் ஃபோபோஸ்-கிரண்ட் என்ற செவ்வாய்த் திட்டம் பூமியைச் சுற்றும் பாதையிலேயே முடங்கிப்போக, இறங்குகலமும் தள்ளிக்கொண்டே போனது. கடைசியில் 2013இல் இந்தியா நாமே செய்துகொள்கிறோம் என்று முடிவெடுத்தது. கலத்தை நாமே செய்வது என்றால் அதைச் சோதிக்கும் தரையையும் நாமே செய்ய வேண்டும்.

போலி நிலா மண் செய்வது உலகத்தில் புதிதல்ல. அமெரிக்கா அரிசோனாவின் எரிமலைச் சாம்பலை எடுத்து ஜே.எஸ்.சி.-1 என்று ஒன்று செய்தது. ஜப்பான்காரர்கள் ஃபூஜி மலைப் பக்கத்துப் பாறையை எடுத்தார்கள். ஆனால் இவை எல்லாம் நிலாவின் கறுப்புச் சமவெளிக்குப் பொருத்தமானவை. இந்தியா போக நினைத்ததோ தென்துருவத்தை ஒட்டிய மேட்டு நிலம். அங்கே அனார்த்தோசைட் வேண்டும்.

வாங்கினால் என்ன என்று கேட்கலாம். வணிகவியல் படிக்கிறவர்கள் இந்த இடத்தில் பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள். அண்ணாதுரை 2019இல் பத்திரிகையாளர்களிடம் சொன்ன கணக்கு இது: அமெரிக்காவில் கிலோ சுமார் 150 டாலர், இஸ்ரோவுக்குத் தேவைப்பட்டது 60, 70 டன். 60 டன் என்றே வைத்தாலும் 90 லட்சம் டாலர். டாலருக்கு 50 ரூபாய் என்று குறைத்துப் போட்டாலும் 45 கோடி ரூபாய். மண்ணுக்கு! அதில் கப்பல் கூலி சேரவில்லை. உள்ளூரிலேயே செய்ய முதலில் 25 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டதாகவும், கல்லை உடைத்தவர்களும் ஏற்றிச் சென்றவர்களும் காசு வாங்காததால் அந்தச் செலவே ஆகவில்லை என்றும் அவர் சொன்னார். எந்த காஸ்டிங் பாடப் புத்தகத்திலும் இந்தக் கணக்குக்குத் தலைப்பு கிடையாது. கொங்கு நாட்டில் லாரிக்காரரும் கிரஷர்காரரும் ஒரு லோடுக்குப் பேரம் பேசாமல் விடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும்.

பாறையை உடைத்துக் கொட்டினால் நிலா மண் ஆகிவிடுமா? ஆகாது. இங்கேதான் ஆராய்ச்சியே இருக்கிறது. நம் மண் மழையிலும் காற்றிலும் உருண்டு மழுங்கியது. நிலா மண்ணோ கோடிக்கணக்கான ஆண்டுகள் விண்கற்கள் இடித்து இடித்துப் பொடியானது. முனை மழுங்கவே இல்லை. பெரும்பகுதி மாவு போல நைஸாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு துகளும் உடைந்த கண்ணாடி போலக் கூர்மை. அதனால் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும். எனவே கனிமமும் வேதியியல் கூட்டும் பொருந்தினால் போதாது. எந்த அளவுத் துகள் எத்தனை சதவீதம், அமுக்கினால் எவ்வளவு இறுகும், சக்கரம் தள்ளும்போது எந்த விசையில் சறுக்கும் என்று எல்லாமே அப்போலோ மண்ணின் அளவுகளோடு ஒத்துவர வேண்டும். வீட்டுக்கு அஸ்திவாரம் போடும்போது மண் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கும் அதே படிப்பு இது. அதனால்தான் திருச்சி என்.ஐ.டி.யின் சிவில் துறையில் இருந்து கே. முத்துக்குமரன் இந்தக் குழுவில் வருகிறார். இஸ்ரோ பக்கம் ஐ. வேணுகோபால் முதலானோர், சேலம் பக்கம் அன்பழகனும் அவருடைய குழுவும். நிலவியல், சிவில், விண்கலப் பொறியியல் என மூன்று படிப்பும் ஒரே குவியல் மண்ணைச் சுற்றி உட்கார்ந்தன.

2012 முதல் மாதிரிகள் போகத் தொடங்கின. சுமார் 50 டன் மண் பெங்களூருக்குப் போனதாக அன்பழகன் பின்னர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அந்த மண்ணுக்கு எல்.எஸ்.எஸ்.-ஐ.எஸ்.ஏ.சி.-1 என்று பெயர் வைத்தார்கள். (சித்தம்பூண்டி என்றே வைத்திருக்கலாம். யார் கேட்டது?) செய்முறைக்கு 2014இல் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்து, 2020 மே மாதம் கிடைத்தது. கண்டுபிடித்தவர்கள் பட்டியலில் இஸ்ரோ பெயர்களோடு பல்கலைக்கழகப் பெயர்களும் இருக்கின்றன.

பெங்களூரில் ஒரு பெரிய கூடத்தில் இந்த மண்ணைப் பரப்பினார்கள். நிலாவில் விழுவது போன்ற வெளிச்சம் போட்டார்கள். நிலாவில் எடை ஆறில் ஒரு பங்குதானே, அதற்கு என்ன செய்வது? ரோவரை ஹீலியம் பலூனில் கட்டி எடையைத் தூக்கிப் பிடித்தார்கள். திருவிழா பலூன் செய்யும் அதே வேலை. 27 கிலோ எடையுள்ள ஆறு சக்கர வண்டி, நாலரை கிலோ கனம்தான் என்பது போல நாமக்கல் மண்ணில் ஊர்ந்து பழகியது. இறங்குகலத்தின் கால்களையும் இதில் சோதித்தார்கள். கலத்தின் கண்களுக்கு வேறு இடம்: கர்நாடகத்தில் சித்ரதுர்கா மாவட்டம் சள்ளகெரேயில் நிலாப் பள்ளங்கள் போலவே குழி வெட்டி, மேலே விமானத்தில் கருவிகளைப் பறக்கவிட்டுப் பார்த்தார்கள்.

2019 ஜூலை 22 அன்று சந்திரயான்-2 கிளம்பியது. செப்டம்பர் 7 அதிகாலை, விக்ரம் இறங்குகலம் கடைசி இரண்டு கிலோமீட்டரில் தொடர்பை இழந்து தரையில் மோதியது. அன்று இரவு கண் விழித்துப் பார்த்த பள்ளிப் பிள்ளைகள் எத்தனை பேர்! சித்தம்பூண்டி மண்ணில் பழகிய கால்களுக்கு மண்ணில் நிற்கும் வாய்ப்பே கிடைக்கவில்லை. தவறு தரையில் இல்லை. வேகத்தைக் குறைத்த விதத்தில். ஆனால் தேர்வு அறைக்குள் நுழையும் முன்பே விபத்தில் சிக்கியவனுக்கு, படித்தது சரியா தவறா என்று எப்படித் தெரியும்? உடைந்த துண்டுகளை நாசாவின் படங்களில் தேடிக் கண்டுபிடித்தவரும் ஒரு தமிழர்தான், சென்னையில் பணிபுரிந்த பொறியாளர் சண்முக சுப்பிரமணியன். அதே ஆண்டு டிசம்பரில் நாசா அதை உறுதி செய்தது.

மறுபடியும் முதலில் இருந்து. சந்திரயான்-3இல் திட்ட இயக்குநராக விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல். இம்முறை கால்கள் பலப்படுத்தப்பட்டன. நொடிக்கு 2 மீட்டருக்குப் பதில் 3 மீட்டர் வேகத்தில் இறங்கினாலும் தாங்கும்படி. இறங்கும் இடம் 500 மீட்டர் சதுரத்தில் இருந்து 4 கிலோமீட்டருக்கு 2.4 கிலோமீட்டர் என்று விரிந்தது. சோதனைகள் கூடின, தரை அதே நாமக்கல் தரை. 2023 ஆகஸ்ட் 19 அன்று ரஷ்யாவின் லூனா-25 அதே தென்துருவப் பக்கம் போகும் வழியில் விழுந்து நொறுங்கியதால் வயிற்றில் புளி கரைந்தது. ஆகஸ்ட் 23 மாலை 6.04. கால்கள் தரையைத் தொட்டன. நின்றன. பிறகு ரோவர் சரிவுப் பலகை வழியாக இறங்கி, சிக்காமல், புதையாமல், நூறு மீட்டர் ஓடியது.

அன்று தொலைக்காட்சிகள் சித்தம்பூண்டியை இரண்டு நிமிடம் காட்டின. மறுநாள் மறந்துவிட்டன. கவுன்சிலிங்கில் கம்ப்யூட்டர் சயன்ஸ் இடம் கிடைக்காதா என்று அலைகிறவர்களிடம் நிலவியல் என்று ஒரு படிப்பு இருக்கிறது என்று சொன்னால் பரிதாபமாகப் பார்ப்பார்கள். அது அப்போதும் மாறவில்லை.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. ரோவரில் இருந்த ஒரு எக்ஸ்-கதிர்க் கருவி, போகும் வழியில் 23 இடங்களில் மண்ணின் கூட்டை அளந்தது. முடிவுகள் 2024 ஆகஸ்டில் நேச்சர் இதழில் வந்தன. அந்த இடத்து மண் கிட்டத்தட்ட ஒரே சீரானது. பெரும்பகுதி அனார்த்தோசைட் வகை. ஐம்பது ஆண்டுகளுக்கு முன் சில வெள்ளைத் துணுக்குகளை வைத்துச் சொன்ன பாறைக் கடல் கருத்துக்கு, இதுவரை யாரும் இறங்காத தென்பகுதியில் இருந்தும் ஆதாரம். போலித் தரைக்குச் சித்தம்பூண்டியைத் தேர்ந்தெடுத்தது சரிதான் என்று அசல் தரையே சொல்லிவிட்டது. இரண்டும் ஒன்றேதான் என்று சொல்ல முடியாது. நம் பாறை பூமிக்கடியில் வெந்து, நீர் கலந்த கனிமங்களும் சேர்ந்தது. நிலாவின் பாறைக்கு அந்த அனுபவம் இல்லை.

2024 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவை சந்திரயான்-4க்கு ஒப்புதல் கொடுத்தது. செலவு 2,104 கோடி ரூபாய். நிலாவில் இறங்கி, மண்ணை அள்ளி, பூமிக்குக் கொண்டுவரும் திட்டம். திரும்பும் கலம் நொடிக்கு 11 கிலோமீட்டர் வேகத்தில் நம் காற்று மண்டலத்தில் நுழையும், எஸ்.ஆர்.இ.-1 நுழைந்தது 8 கிலோமீட்டருக்கும் குறைவான வேகத்தில். ஆக இந்த முறை எஞ்சின், கால், வெப்பக் கவசம், பாராசூட் எல்லாமே வேண்டும். இதற்கும் மண் தரத் தயார் என்று அன்பழகன் முன்பே சொல்லிவிட்டார். அது நடந்தால், நாமே அள்ளிவந்த அசல் நிலா மண்ணையும் சித்தம்பூண்டி மண்ணையும் ஒரே மேஜையில் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.